கண் தங்கும் இடம்

டாலிகஞ்ச் என்றதும் வங்க மக்களின் நினைவுக்கு வருவது திரைப்படம். 1931இல் பி. என். சர்க்கார் தொடங்கிய நியூ தியேட்டர்ஸ் நிறுவனம் அங்கேதான் வேரூன்றிற்று. இன்று அவ்விடத்து மெட்ரோ நிலையத்துக்கே நடிகர் உத்தம் குமாரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. கொல்கத்தாவில் வாழும் தமிழ் நேயர்கள் பலர் அவ்வழியே சென்றிருப்பர். அங்கு உருவான படங்களைக் கொண்டே, ஓவியம், விளம்பரம், மேடை அலங்காரம் ஆகிய அனைத்துக்கும் பொதுவான ஒரு நுட்பத்தை விளக்கலாம். பார்ப்பவர் கண் முதலில் எங்கே செல்ல வேண்டும், எங்கே தங்க வேண்டும் என்பதே அது.

ஒன்றை எடுத்துக்காட்ட வேண்டுமெனில் அதனைப் பெரிதாக்க வேண்டும், சிவப்பு பூச வேண்டும், விளக்கைக் கூட்ட வேண்டும் என்றே பலரும் எண்ணுவர். உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது. சுற்றியுள்ளவை அடங்கினால்தான் ஒன்று மேலெழும். நம் கோவில்களைப் பாருங்கள். கோபுரத்திலே நூற்றுக்கணக்கான சுதை உருவங்கள்; அவற்றுள் எதனையும் தனியே நினைவில் கொண்டு நாம் உள்ளே செல்வதில்லை. கருவறையிலோ இருள். கற்பூரம் ஏற்றிக் காட்டும் அக்கணத்தில் அத்தனை கண்களும் ஒரே திருமுகத்தில் நிலைக்கின்றன.

டாலிகஞ்சுக்கு வடக்கே சிறிது தொலைவில் உள்ள காளிகாட்டிலும் இதனைக் காணலாம். 19ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த யாத்திரிகர்களுக்கு விற்கப்பட்ட படங்களில் பின்னணி என்பதே பெரும்பாலும் இல்லை. மலிவான தாள், அதில் ஓர் உருவம், அழுத்தமான சில வளைகோடுகள், அவ்வளவே. விரைந்து வரைந்து விற்க வேண்டிய நெருக்கடியும் இதற்குக் காரணமாகலாம். ஆயினும் அந்த வெற்றிடமே உருவத்தை நம் முன் நிறுத்துகிறது.

சத்யஜித் ராய் திரையுலகுக்கு வருமுன் சாந்திநிகேதனில் ஓவியம் பயின்றவர். 1943 முதல் விளம்பர நிறுவனத்தில் பணியாற்றியவர். 1956இல் வெளிவந்த 'அபராஜிதோ' படத்துக்காகக் காசி வீட்டின் முற்றம் ஒன்றை ஸ்டூடியோவுக்குள் எழுப்பினார் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா. திறந்த முற்றத்தில் வானிலிருந்து இறங்கும் வெளிச்சத்தில் கூர்மையான நிழல் விழாது. ஸ்டூடியோ விளக்குகளை நேரே பாய்ச்சினாலோ ஓர் ஆளுக்குப் பல நிழல்கள்! ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் பாய்ச்சினார். துணியிற் பட்டுத் திரும்பிய மெல்லொளி முற்றமெங்கும் பரவிற்று.

இயல்பு கிட்டியது, ஆனால் ஒரு வசதி கைவிட்டுப் போயிற்று. கதாநாயகன் முகத்தை மட்டும் தனி விளக்கால் பளிச்சிடச் செய்து கண்ணைக் கவர்வது அன்றைய வழக்கம். ஒளி எங்கும் ஒரே சீராகப் பரவிவிட்டால், கண்ணை வழிநடத்துவது யார்?

1964இல் வந்த 'சாருலதா' இதற்கு நல்ல விடை. தொடக்கத்தில் நாம் காண்பது ஒரு பெண்ணின் கை. அது கைக்குட்டையில் ஓர் எழுத்தைப் பின்னுகிறது. கணவன் பூபதியின் பெயரின் முதலெழுத்து அது. பின்னர் அவள் சாளரம் சாளரமாகச் சென்று, சிறு தொலைநோக்கியால் தெருவில் போவோரைக் காண்கிறாள். பூபதி புத்தகத்தில் ஆழ்ந்தவனாய், அவளைக் கவனியாமலே கடந்து செல்கிறான். அதே தொலைநோக்கியை அவன்மேலும் திருப்புகிறாள் சாரு. அந்த வீட்டில் மேசை நாற்காலிகளுக்கும் அலங்காரத்துக்கும் குறைவில்லை. இருந்தும் அவள் பார்க்கும் திசையிலேயே நம் பார்வையும் செல்கிறது. ஒரு மனைவியின் தனிமையை ஒரு வசனமுமின்றி நாம் உணர்ந்துவிடுகிறோம். படத்தில் உள்ளவர் பார்வையைப்போல் வலிய சுட்டுக்கோல் வேறில்லை என்பது என் எண்ணம். விளம்பரம் வரைவோர் இதனை நன்கறிவர்.

கோடும் இப்பணியைச் செய்யும். பூஜை நாட்களில் பந்தலுக்குச் செல்லும் நேயர்கள், துர்க்கையின் முகத்திலிருந்து சூலத்தின் வழியே தம் கண் இறங்கி, மகிஷனின் மார்பில் நிற்பதைக் கவனிக்கலாம். அதே நாட்களில் நம் இல்லங்களில் கொலு இருக்குமன்றோ? படிகள் தோறும் சுற்றிய வண்ணச் சரவிளக்குகளை ஒரு மாலை அணைத்துவிட்டு, கலசத்தினருகே ஒரே ஒரு குத்துவிளக்கை ஏற்றிவையுங்கள். வருவோர் கண் எங்கே செல்கிறது என்று பாருங்கள்.