குளிர் காலையில் லோரிப் புகை

கேமரன் மலைத் தோட்டங்களில் விடியற்காலைக் குளிர் சில நாள் 15 டிகிரி வரை இறங்கும். பெரட்டுக்கு ஆட்கள் கூடும் இடத்திலேயே டீசல் லோரி உறுமிக்கொண்டு நிற்கும். பின்னால் வெண்புகை. "இஞ்சின் சூடாகுது, ஒண்ணுமில்லே" என்பார் டிரைவர். கதகதப்பாக இருக்கிறதே என்று பிள்ளைகளும் புகைக்குழாய் பக்கம் போய் நிற்பார்கள். இது நல்லதா? இல்லவே இல்லை.

குளிரில் தெரியும் மெல்லிய வெண்புகை பெரும்பாலும் நீராவிதான். சற்று தூரத்தில் கலைந்துவிடும். ஆனால் கெட்டியாக, கண் எரியும்படி வந்தால் அது சரியாக எரியாத டீசல். நீலப் புகை என்றால் இஞ்சின் எண்ணெய் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் கரித்தூள்.

புதிய லோரிகள் பலவற்றில் இந்தக் கரித்தூளைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி உண்டு. அது நிறைந்ததும், கூடுதல் டீசலைச் செலுத்தி, ஏறக்குறைய 600 டிகிரி சூட்டில் கரியை எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். குளிரிலும், மெதுவாகக் குறைந்த தூரம் ஓடும் வண்டியிலும் போதிய சூடு ஏறாது. ஆகவே வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அப்போது வண்டியை நிறுத்தி வைத்தே அரை மணி நேரம் போல எரிக்க வேண்டிவரும். அந்த நேரத்தில் புகையும் நாற்றமும் வரலாம். புகைக்குழாய்க் காற்று நெருப்பாய்ச் சுடும். காய்ந்த புல்லும் சாக்கும் பற்றிக்கொள்ளும்.

"வடிகட்டிதான் இருக்கே, பயமென்ன?" என்று கேட்கலாம். வடிகட்டி தூளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, வாடையுமில்லை. மூக்கில் துணி கட்டினாலும் அது நிற்காது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுக் கழகம் 2012-இல் உறுதியாக அறிவித்தது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பையும் கிளப்பிவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. கொட்டகைக்குள் இஞ்சினை ஓடவிடாதீர்கள். கதவு திறந்திருந்தாலும் போதாது.

2. வடிகட்டியை எரிக்கும்போது லோரி திறந்த வெளியில், லயத்துக்கும் ஆயாக் கொட்டகைக்கும் தள்ளி, புல் இல்லாத தரையில் நிற்கட்டும். பிள்ளைகளை அண்டவிடாதீர்கள்.

3. கழற்றிய வடிகட்டியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தச் சாம்பல் நெஞ்சுக்குள் போகும். பட்டறைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

4. தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் உடனே நல்ல காற்றுக்கு வந்துவிடுங்கள். ஆள் விழுந்துவிட்டால் 999-ஐ அழையுங்கள். புகையில் நின்றதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது வெறும் நம்பிக்கை.

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். பெரட்டுக் களத்திலிருந்து லோரியைத் தள்ளி நிறுத்தச் சொல்லி அந்தக் குழுவில் பேசுங்கள். முதலாளிக்குச் செலவில்லாத காரியம் இது. லோரிக்கு வடிகட்டி கெட்டால் வேறு வாங்கலாம்; நம் நுரையீரல் கெட்டால் வாங்க முடியுமா?