நாய்களுக்கு வரும் தடிமன் காய்ச்சல்

இணுவிற் செம்மண் தோட்டங்களில் இராக்காலத்தில் கட்டாக்காலி மாடுகளை விரட்டிப் பயிரைக் காப்பது பெரும்பாலும் வீட்டு நாயே. அவ்வாறிருந்தும், மாடு செருமினால் மிருக வைத்தியரைத் தேடும் கமக்காரர், நாய் இருமினாற் பொருட்படுத்துவதில்லை.

மனிதருக்குப் போலவே நாய்களுக்கும் இன்புளுவென்சா என்னும் தடிமன் காய்ச்சல் உண்டு. குதிரைகளிடமிருந்து வந்த ஒருவகை வைரசு, 2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளொரிடாவிற் பந்தய நாய்களிடையே கண்டறியப்பட்டது. பறவைகளிடமிருந்து வந்த மற்றொருவகை, கொரியாவிலும் சீனாவிலும் பரவிய பின் 2015இற் சிக்காகோ நகரை அடைந்தது. இவ்விரண்டும் மனிதரைத் தொற்றியதாக இதுவரை அறியப்படவில்லை.

கோழி வளர்ப்போர் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். 2004இல் தாய்லாந்திற் பறவைக் காய்ச்சல் பரவியிருந்த இடத்தில் தாராவைத் தின்ற நாயொன்று அந்நோயால் இறந்தது. ஆகவே நோயால் இறந்த கோழியை நாய்க்கு எறிதல் கூடாது. ஆழமாகப் புதைத்தல் வேண்டும்.

கிருமி தொற்றி இரண்டு முதல் நான்கு நாட்களில் இருமல், மூக்கொழுகல், காய்ச்சல், உணவில் வெறுப்பு ஆகியன தோன்றும். இருமல் மூன்று கிழமை வரை நீடிக்கலாம். பெரும்பாலானவை தேறிவிடும், குட்டிகளுக்கும் கிழநாய்களுக்கும் நியூமோனியா ஏற்படலாம். நோயுற்ற நாயை மூன்று கிழமைக்குக் குறையாமற் பிறிதாகக் கட்டி, தனிச் சட்டியில் நீரும் உணவும் வைத்தல் வேண்டும். அதனைத் தொட்ட கையையும் உடுத்த உடையையும் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் அவசியம். வேலிப் பொட்டால் அயல் வளவுக்குச் செல்லும் நாயைக் கட்டி வைப்பது எளிதன்று. முதலிற் பொட்டை அடைத்துவிடுக. மனிதருக்குரிய பனடோல் முதலிய மாத்திரைகளைத் தாமாகக் கொடுத்தல் கேடு.

இருமலோடு கண்ணிற் பீளை, வயிற்றோட்டம், வலிப்பு என்பன காணின் அது டிஸ்டெம்பர் நோயாக இருக்கலாம். அது கொடியது, ஆயினும் குட்டிப் பருவத்தில் ஏற்றும் தடுப்பூசியால் தவிர்க்கத்தக்கது.

குரல் மாறி, உமிழ்நீர் வடிய, விழுங்க முடியாது தவிக்கும் நாய்க்குத் தொண்டையில் எலும்பு சிக்கியதென்றெண்ணி வாயினுட் கையிடுவோர் உளர். அது விசர்நோயாகவும் இருக்கலாம். கையிடாது உடனே மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். கடியோ கீறலோ நேர்ந்தால், அல்லது உமிழ்நீர் புண்ணிற் பட்டால், அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்க.