ஸ்கூட்டர் ஓட்டலும் பேணலும்

நம் விடுதி வாயில்களில் வரிசையாக நிற்கும் ஸ்கூட்டர்களுக்கு ஒரு பரம்பரை உண்டு. பட்டம் பெற்றுச் செல்லும் மூத்த மாணவர் தம் வண்டியை இளையவர் ஒருவரிடம் விற்றுச் செல்வார். அவர் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு அடுத்தவரிடம் ஒப்படைப்பார். விலை பேசுவோம், வண்ணம் பார்ப்போம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்போம். "டயர் எப்போது மாற்றினீர்கள், அண்ணா?" என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்? நானும் கேட்டவனல்லன்.

கேளாமையின் விலையைக் கொடுத்தவன் நானல்லன், என் நண்பன். ஒரு மே மாத மாலை, ஊருக்குப் புறப்பட்ட அவனைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு யசுவந்தபுரம் இரயில் நிலையத்திற்குச் சென்றேன். மழை தூறத் தொடங்கிச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. முன்னே சென்ற ஆட்டோ சட்டென்று நின்றது. நான் பதறி இடக்கைப் பிரேக்கை மட்டும் இறுகப் பிடித்தேன். பின்சக்கரம் உருளாமல் வழுக்கிற்று, வண்டி சாய்ந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு; அவனுக்கு வலது மணிக்கட்டு முறிவு. தலைக்கவசம் இருந்ததால் தலை தப்பிற்று. தமக்கையின் திருமணத்தில் மாவுக்கட்டுப் போட்ட கையோடு நின்றான். என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று.

மறுநாள் வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிச் சென்றேன். வயதான மெக்கானிக் பின் டயரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "தம்பி, இது டயர் இல்லை, வழுக்கைத் தலை. கியர் இல்லாத வண்டி என்றால் கவலை இல்லாத வண்டி என்று நினைத்துவிடுகிறீர்கள்" என்றார். அவர் கூற்றை விரித்து எழுதுவதே இக்கட்டுரை.

இயங்கும் விதம்

கியர் இல்லை என்பது நம் கைக்கும் காலுக்கும் மட்டுமே. அவ்வேலையை வண்டி தானே செய்துகொள்கிறது. இடப்புறத்து நீண்ட உறைக்குள் இரு கப்பிகளும், அவற்றைத் தழுவி ஓடும் ரப்பர் பெல்ட் ஒன்றும் உள்ளன. ஒவ்வொரு கப்பியும் எதிரெதிராக அமைந்த இரு கூம்புத் தட்டுகளால் ஆனது. எஞ்சின் வேகம் கூடக்கூட, முன்கப்பியில் உள்ள சிறு உருளைகள் மையத்தைவிட்டு வெளிநோக்கி நகர்ந்து தட்டுகளை நெருக்குகின்றன. பெல்ட் விளிம்பை நோக்கி ஏறுகிறது. பெல்ட்டின் நீளம் மாறாதாகையால், பின்கப்பியின் தட்டுகள் சுருள்வில்லை எதிர்த்து விரிய, அங்கே பெல்ட் உள்ளே இறங்குகிறது. இவ்வாறு படிப்படியாக அன்றி, இடையறாமல் கியர் மாறிக்கொண்டே வருகிறது. பின்கப்பியை அடுத்துள்ள கிளச், போதிய வேகத்தில் சுழலும்போது மட்டுமே சக்கரத்தோடு பிணையும். வேகம் தணிந்தால் தானே விலகும்.

கனடாவில் ஜோசப் அர்மாண்ட் பம்பார்டியே என்பவர் 1959-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஸ்கி-டூ' முதலாகப் பெருகிய பனிவண்டிகளும் இன்று இத்தகைய பெல்ட்டையே நம்பி ஓடுகின்றன. நம் நாட்டில் 1984-இல் வந்த கைனடிக் ஹோண்டாவும், 2001-இல் வந்த ஆக்டிவாவும் இவ்வமைப்பை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தன. பனிவெளியில் பெல்ட் அறுந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே அங்கே மாற்றுப் பெல்ட் ஒன்றை உடன் எடுத்துச் செல்வது வழக்கம். நாமோ பெல்ட் என்று ஒன்று இருப்பதையே அறியாமல் ஓட்டுகிறோம்!

இவ்வமைப்பிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, எஞ்சின் ஓடும்போது கைப்பிடி சிறிது திரும்பினாலும் வண்டி பாயும். ஆகவே பிரேக்கைப் பிடித்துக்கொண்டே எஞ்சினைக் கிளப்புக. இறங்கித் தள்ளுவதற்கு முன் சாவியைத் திருப்பி அணைத்துவிடுக. இரண்டாவது, கியர் வண்டி சரிவில் இறங்கும்போது கீழ்க் கியரில் எஞ்சினே அதைப் பிடித்து நிறுத்தும். ஸ்கூட்டரிலோ மெதுவாகச் செல்கையில் கிளச் விலகிவிடுவதால் அந்தப் பிடிப்புக் கிடையாது. முழுப் பாரமும் பிரேக்கின்மேலும் டயரின்மேலுமே விழுகிறது.

நிறுத்தும் கலை

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை இயங்க ஒரு நொடி ஆகிறது எனக் கொள்வோம். பிரேக் பிடிப்பதற்குள்ளேயே 11 மீட்டர் போய்விட்டது. உலர்ந்த நல்ல சாலையில் அதன்பின் இன்னும் 10 மீட்டரில் வண்டி நிற்கலாம். ஈரத்தில் பிடிப்புப் பாதியாகக் குறைந்தால் அதுவே 20 மீட்டர். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது, பின்சக்கரம் இலேசாகிறது. ஆகவே முன்பிரேக்குக்கே நிறுத்தும் ஆற்றல் மிகுதி. 'முன்பிரேக் பிடித்தால் தூக்கியெறியும்' என்ற அச்சத்தால் பின்பிரேக்கை மட்டும் நம்பினால், பின்சக்கரம் இறுகி வழுக்கும். எனக்கு நேர்ந்தது இதுதான். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தி, கைப்பிடியை நேராக வைத்து நிறுத்தப் பழக வேண்டும். 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் 125 சிசி வரையிலான புது வண்டிகளில், இரு சக்கரங்களுக்கும் சேர்ந்து விழும் பிரேக்கேனும், சக்கரம் இறுகாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பேனும் கட்டாயம். நம் விடுதியில் கைமாறிவரும் பழைய வண்டிகள் பலவற்றில் இவை இல்லை என்பதை மறவற்க.

மழைக்காலம்

பெங்களூர் மழை மே மாதத்திலேயே முன்னறிவிப்பின்றி வருவது. முதல் தூறல் சாலையில் படிந்த எண்ணெயையும் ரப்பர்த் துகளையும் மிதக்கச் செய்யும். அச்சில நிமிடங்களே மிகவும் வழுக்குபவை. ஒதுங்கி நின்று ஒரு காப்பி அருந்திவிட்டுச் சென்றால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. மரத்தடியில் உதிர்ந்த மலர்கள் கண்ணுக்கு அழகு, டயருக்குப் பகை. வெள்ளைக் கோடுகளும் சாக்கடை இரும்பு மூடிகளும் அத்தகையனவே. ஸ்கூட்டரின் சிறிய சக்கரம் பள்ளத்தில் எளிதில் விழும். நீர் நிறைந்த பள்ளத்தின் ஆழமோ தெரியாது. தேங்கிய நீரைக் கடந்து வந்தால், மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை இலேசாக அழுத்தி உலர்த்துக. வெள்ளத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் பொத்தானை அழுத்தற்க! காற்றைப் போல் நீர் அமுங்காது. உள்ளே புகுந்திருந்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். பட்டறைக்குத் தள்ளிச் செல்வதே மலிவு.

தலைக்கவசம் பற்றிப் பலமுறை கேட்டிருப்பீர்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு அதனை வலியுறுத்துகிறது. கருநாடகத்தில் 2016 ஜனவரி முதல் பின்னிருப்பவருக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. வாரைக் கட்டாத கவசம் விழும்போது தலையில் இராது. சட்டத்திற்காக அன்று, என் நண்பனுக்காகவேனும் இரண்டாவது கவசம் ஒன்றை வண்டியில் வைத்திருங்கள்.

பேணும் முறை

இனி, பேணுதலைக் காண்போம். நாள்தோறும் புறப்படும் முன் அரை நிமிடம் போதும்: இரு பிரேக்குகளையும் பிடித்துப் பாருங்கள், லீவர் கைப்பிடியைத் தொடும் அளவு வந்தால் அன்று ஓட்டாதீர்கள். பிரேக் விளக்கு எரிகிறதா எனப் பாருங்கள்.

வாரம் ஒருமுறை டயரின் காற்றழுத்தத்தை, நெடுந்தூரம் ஓடிச் சூடேறுமுன், அளந்து பாருங்கள். பின்னால் ஒருவரை ஏற்றுவதானால் பின் டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதைக் கையேடு தனியே கூறும். டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் உண்டு. மேற்பரப்புத் தேய்ந்து அவற்றோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது.

எஞ்சினில் உள்ள எண்ணெய் ஒரு லிட்டருக்கும் குறைவு. அதில் சிறிது குறைந்தாலும் தேய்மானம் மிகும்; அளவுக்கோலை எடுத்துப் பார்க்கப் பழகுங்கள். காற்று வடிகட்டியையும் கையேட்டின் கெடுப்படி மாற்றுங்கள். பெல்ட்டுக்கும் கெடு உண்டு; சில வண்டிகளுக்கு 20,000 கிலோமீட்டரை ஒட்டியே அது வந்துவிடும். மின் ஸ்கூட்டர் வைத்திருப்போர் எண்ணெய்க் கவலை நமக்கில்லை என்று மகிழலாம். ஆனால் டயரும் பிரேக்கும் அவர்களுக்கும் உண்டு.

விடுமுறைக்கு ஊர் செல்வோர் டயரில் காற்று நிரப்பி, வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்திச் செல்க. நெடுநாள் நின்றால் பாட்டரி வடியும். எலியும் ஒயரைக் கடிக்கும். திரும்பியதும் இவற்றைப் பார்த்தபின்பே சாலைக்குச் செல்க.

நிற்க. இவை அனைத்தையும் நினைவில் வைத்தல் எளிதன்று. ஆகவே நாற்பது பக்க நோட்டு ஒன்றை என் ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறேன். எந்த நாளில், எத்தனையாவது கிலோமீட்டரில், எதை மாற்றினேன் என்பதெல்லாம் அதில் உண்டு. நான் படிப்பை முடித்துச் செல்கையில் வண்டியை வாங்கும் தம்பிக்கு அந்த நோட்டும் போய்ச் சேரும். அதற்குத் தனி விலை கிடையாது. மூத்தோர் ஒவ்வொருவரும் இப்படி ஒரு நோட்டை வைத்துச் சென்றால், நாம் கைமாற்றுவது வண்டியாக மட்டும் இராது.

அதன் முதல் வரியை எழுதியவன் நானல்லன். கட்டுப் பிரித்துத் திரும்பிய நண்பன், கோணல் எழுத்தில், தன் வலக்கையால் எழுதினான்: "பின் டயர் புதிது."