பாஸ் கொடுத்தவன் பேரைச் சொல்லு மச்சி!

பிராஜெக்ட் வைவா முடிஞ்சு வெளியே வர்ற டீமைக் கவனிச்சிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? நாலு பேர்ல ஒருத்தன் முகம் மட்டும் ஆயிரம் வாட்ஸ் பல்பா எரியும். உள்ளே நின்னு பேசினது அவன்தான், எக்ஸ்டர்னல்கிட்ட 'வெரிகுட்' வாங்கினதும் அவன்தான். ராத்திரி ரெண்டு மணி வரை சோல்டரிங் அயர்னோட மல்லுக்கட்டி விரலைச் சுட்டுக்கிட்டவனும், நூறு பக்க ரிப்போர்ட்டை வரி வரியாத் திருத்தினவளும் ஓரமா பையை மாட்டிக்கிட்டு இருப்பாங்க.

இதுல யாரும் வில்லன் இல்லீங்க. நம்ம ஊர்ல ஃப்ரெண்டுக்கு தேங்க்ஸ் சொன்னா அவனே முறைப்பான். "நமக்குள்ள என்னடா தேங்க்ஸ்? யாரோ மாதிரி பேசற!" கொஞ்சம் கூடுதலா பாராட்டினா இன்னும் மோசம். "என்ன, ஐஸ் வைக்கறியா? எவ்ளோ கடன் வேணும்?" ஸோ, எல்லாப் பாராட்டையும் மனசுக்குள்ளேயே வெச்சுக்கறோம். அது பக்கத்துல இருக்கறவனுக்கு எப்படிக் கேட்கும்?

அமெரிக்காவின் நார்த் கரோலினா பல்கலைக்கழக பாஸ்கெட்பால் டீமுக்கு 1961-ல இருந்து 1997 வரை கோச்சா இருந்தவர் டீன் ஸ்மித். அவர் டீம்ல ஒரு பழக்கம். பந்து கூடையில விழுந்ததும், போட்டவர் காலரைத் தூக்கி விட்டுக்கக் கூடாது. பாஸ் கொடுத்தவரைப் பார்த்து விரல் நீட்டணும். மொத்த ஸ்டேடியமும் பார்க்கும், 'இவனாலதான்'னு! 1982 ஃபைனல்ல அந்த டீம் 63-62-னு ஒரே பாயின்ட்ல ஜெயிச்சது. ஜெயிக்க வெச்ச ஷாட்டைப் போட்டவர் அப்போ ஃபர்ஸ்ட் இயர் மாணவர், பேர் மைக்கேல் ஜோர்டான். அவர் கைக்குப் பந்தை அனுப்பினவர் ஜிம்மி பிளாக். கேள்விப்பட்ட பேரா தெரியலைல்ல? அதுக்காகத்தான் அந்த விரல்!

நம்ம பக்கமும் ஆள் உண்டு. (கதை உங்களுக்கு மனப்பாடமாவே இருக்கும், பரவாயில்லை.) 1979 ஆகஸ்ட் 10-ல எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடல்ல விழுந்தப்போ, பத்திரிகைக்காரங்க கேள்விக்கெல்லாம் முன்னால நின்னவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல அதே ராக்கெட் ஜெயிச்சதும், "நீங்க போய்ப் பேசுங்க"னு திட்ட இயக்குநர் கலாமை அனுப்பிட்டார். கலாம் இதைப் பல மேடைகள்ல சொல்லியிருக்கார்.

பாராட்டினா அவன் நெளிவானேனு தயங்கறீங்களா? அமித் குமார், நிக்கலஸ் எப்லினு ரெண்டு ஆய்வாளர்கள் 2018-ல இதைத்தான் சோதிச்சாங்க. நன்றிக் கடிதம் எழுதினவங்க, வாங்கறவங்க ரொம்பக் கூச்சப்படுவாங்கனு நினைச்சாங்க. வாங்கினவங்களுக்கோ அவ்வளவு கூச்சமே இல்லை, எழுதினவங்க நினைச்சதைவிட அதிகமா சந்தோஷப்பட்டிருந்தாங்க!

இதை வெறும் சென்டிமென்ட்னு தள்ளிடாதீங்க. பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில "பிராஜெக்ட்ல உங்க பங்கு என்ன?"னு கேட்பாங்க. சர்க்யூட் மொத்தத்தையும் போட்டவ, "சும்மா... ஹெல்ப் பண்ணேன் சார்"னு முடிச்சுக்குவா. அவ வேலை எவ்வளவு பெரிசுனு நாலு மாசத்துல ஒருத்தரும் அவகிட்ட சொன்னதில்லையே!

வாட்ஸ்அப்ல கட்டைவிரலைத் தட்டி விடறதெல்லாம் கணக்குல வராது மக்கா. 'சூப்பர்டா'வும் அரை மார்க்தான். "நீ அந்த லூஸ் கனெக்‌ஷனைப் பிடிக்கலைனா டெமோவில மோட்டாரே சுத்தியிருக்காது"னு சொல்லிப் பாருங்க, ஆள் அன்னைக்கு சாப்பிடக்கூட மாட்டான். அப்போ, லிஸ்ட்ல பேர் மட்டும் கொடுத்துட்டு ஊர் சுத்தினவனையும் பாராட்டணுமா? வேண்டவே வேண்டாம். அது உழைச்சவங்களைக் கிண்டல் பண்ற மாதிரி.

வைவாவில பேசப்போறவர் நீங்கதானா? சர்க்யூட் பத்திக் கேள்வி வந்தா, "சார், டிசைன் இவங்களோடது, அவங்களே சொல்லட்டும்"னு ஒரு அடி பின்னால நகர்ந்துக்கங்க.

அப்புறம் அந்த அக்னாலெட்ஜ்மென்ட் பக்கம்! சீனியர் ரிப்போர்ட்ல இருந்து அப்படியே காப்பி அடிக்கறோம், சில சமயம் பழைய ஹெச்.ஓ.டி பேரோட! இந்த தடவை புதுசா டைப் பண்ணுங்க. சாயங்காலம் பூட்ட வேண்டிய லேபை உங்களுக்காகத் திறந்து வெச்சிருந்தாரே ஒரு அண்ணன், அவரை 'லேப் அசிஸ்டென்ட்ஸ்'ங்கற கும்பல்ல சேர்க்காம பேரோட போடுங்க. இனிஷியலை மட்டும் அவர்கிட்டயே கேட்டுக்கங்க.