இதயத்தை நெருக்கும் நீர்

இதயத்தை இரண்டு அடுக்குகள் கொண்ட இதயவுறை என்னும் பை போர்த்தியுள்ளது. அவ்வடுக்குகளுக்கிடையே இயல்பாக 15 முதல் 50 மில்லிலிட்டர் வரை நீர் இருக்கும். இதயம் துடிக்கும்போது உராய்வு நேராமல் காப்பது அந்நீரே.

காப்பதே கேடாவதும் உண்டு. காசநோய், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, மார்புக் காயம் போன்றவற்றால் அங்கே நீரோ குருதியோ மிகுமானால், எளிதில் விரியாத உறை இதயத்தை உள்நோக்கி அழுத்துகிறது. இதய அறைகள் விரிய இடமின்றிக் குருதி நிரம்புவது குறைகிறது. நிரம்பாத இதயம் எதனை வெளியேற்றும்? இந்நிலையை மருத்துவர் 'டாம்போனேடு' என்பர். தமிழில் இதய அமுக்கம் எனலாம்.

இங்கே அளவினும் விரைவே பெரிது. மெல்லச் சேரும் நீர் ஒரு லிட்டரைக் கடந்தும் உறை தாங்கக்கூடும். திடீரெனச் சேரும் 200 மில்லிலிட்டரோ உயிரைப் பறிக்கலாம்.

அமெரிக்க அறுவை மருத்துவர் கிளாட் பெக் 1935இல் மூன்று அறிகுறிகளைத் தொகுத்துரைத்தார்: குறைந்த குருதியழுத்தம், புடைத்த கழுத்துச் சிரைகள், மங்கிய இதய ஒலி. இம்மூன்றும் எல்லாரிடத்தும் ஒருங்கே தோன்றுவதில்லை. ஆதலின் ஐயம் எழுந்தவுடன் மீயொலிக் கருவியால் இதயத்தை நோக்குகின்றனர்.

நெருக்கத்தை நீக்குவதே இதற்கு மருத்துவம். மீயொலிப் படத்தின் துணையோடு ஊசி செலுத்தி, மெல்லிய குழாய்வழி நீரை வடிப்பர். காயத்தால் குருதி கசிந்தால் அறுவை வேண்டப்படும். சிறிதளவு நீர் வெளியேறினாலே இதயம் மீண்டும் நிரம்பத் தொடங்கும். பின்னர்க் காரணமான நோய்க்கும் மருத்துவம் செய்தல் வேண்டும். இன்றேல் நீர் மறுபடியும் சேரும். ஆகவே, மூச்சுத்திணறலும் மயக்கமும் ஒருங்கே தோன்றுமாயின், காத்திராது மருத்துவமனையை நாடுதலே அறிவுடைமை.