அணைய மறுக்கும் கணினி

அக்டோபர் மாத மாலை. மெர்சிங் படகுத்துறைக்கு மேல் வானம் கறுத்து வருகிறது. இடிமழை நெருங்குமுன் வீட்டிலுள்ள பழைய மேசைக் கணினியை நிறுத்தி, பிளக்கைக் கழற்ற வேண்டும். நிறுத்தும் கட்டளையைச் சொடுக்கிப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. கணினி அணையவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிடலாமா?

பொறுங்கள், மாணவர்களே! கணினி பிடிவாதம் பிடிக்கவில்லை, எதற்காகவோ காத்திருக்கிறது. எதற்காக என்று கண்டுபிடிக்கலாம்.

பொத்தான் செய்யும் வேலை

முன்பெல்லாம் கணினியின் விசை மின்சாரத்தை நேராகத் துண்டித்தது. விண்டோஸ் 95 தன் வேலைகளை முடித்ததும், இனி அணைக்கலாம் என்று திரையில் காட்டும். விசையை நாம்தான் தட்ட வேண்டும்.

1995இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் அமைப்பை அறிமுகப்படுத்தியது. இதில் பொத்தான் தாய்ப்பலகைக்குச் செய்தி மட்டுமே அனுப்பும். 1996இல் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகியவை சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ விதிமுறை, மின்சாரத்தை நிர்வகிக்கும் பொறுப்பை இயங்குதளத்திடம் கொடுத்தது.

அதனால் அணைப்பது இப்போது வரிசையாக நடக்கும் வேலை. முதலில் மென்பொருள்கள் மூடப்படும். நினைவகத்தில் காத்திருக்கும் தரவுகள் வன்தட்டில் எழுதப்படும். இணைத்துள்ள சாதனங்கள் ஓயும். கடைசியில் தாய்ப்பலகை, ஒரு பச்சைக் கம்பி வழியாக மின்வழங்கிக்கு ‘நிறுத்து’ என்று சைகை தரும். இடையில் ஒன்று பதில் சொல்லாவிட்டாலும் வரிசை அங்கேயே நின்றுவிடும்.

எங்கே நிற்கிறது?

திரையில் ‘நிறுத்தப்படுகிறது’ என்ற செய்தி அப்படியே நின்றால், பெரும்பாலும் ஒரு மென்பொருளோ சாதனமோ விடைபெறவில்லை. வன்தட்டின் சிறு விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் எழுதும் வேலை நடக்கிறது, காத்திருங்கள்.

திரை இருண்டும் விசிறி சுழன்றால், கடைசிக் கட்டளை மின்வழங்கியைச் சென்றடையவில்லை. விண்டோஸ் 8 முதல் உள்ள ‘விரைவுத் தொடக்கம்’ இதற்கு ஒரு காரணமாகலாம். அது இயங்குதளத்தை முழுதாக மூடாமல், ஒரு பகுதியை வன்தட்டில் சேமித்து வைக்கிறது. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி நிறுத்தும் கட்டளையைச் சொடுக்கினால் முழுதாக மூடும். அப்படிச் செய்து ஒழுங்காக அணைந்தால், அந்த வசதியை முடக்கிவிடுங்கள்.

அணைந்த உடனே மீண்டும் உயிர்பெற்றால், சுட்டி, விசைப்பலகை, வலைப்பின்னல் கம்பி ஆகியவற்றில் ஒன்று அதை எழுப்பக்கூடும். பழைய பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டதா என்றும் பாருங்கள்.

ஒரு சோதனைக்கு ஒரு மாற்றம்

அறிவியல் பாடத்தில் படித்த மாறிகள் நினைவிருக்கிறதா? ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்திருப்போம். இங்கும் அதே முறைதான். அச்சுப்பொறியைக் கழற்றிவிட்டு நிறுத்திப் பாருங்கள். பலன் இல்லையென்றால் அதை மீண்டும் மாட்டி, அடுத்த சாதனத்தைக் கழற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் கணினி அணையலாம். ஆனால் குற்றவாளி யார் என்று தெரியாது.

பிறகு பாதுகாப்பு முறையில் கணினியைத் தொடங்குங்கள். அதில் மிக அவசியமான மென்பொருள்கள் மட்டுமே இயங்கும். அங்கே ஒழுங்காக அணைந்தால், பின்னர் நிறுவிய ஏதோ ஒரு மென்பொருள்மீது சந்தேகம் விழுகிறது.

கடைசி வழி

எதுவும் பலிக்காவிட்டால் பொத்தானை நான்கு நொடிகளுக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். கணினி வலுக்கட்டாயமாக அணையும். இதைப் பழக்கமாக்க வேண்டாம். வன்தட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், கோப்பு பாதியில் அறுந்துபோகும். பல வார உழைப்பில் செய்த உங்கள் செயல்திட்ட அறிக்கைகூட அந்தக் கோப்பாக இருக்கலாம்.

ஒழுங்காக அணைந்த பின்னும், பிளக் செருகியிருக்கும்வரை தாய்ப்பலகையில் 5 வோல்ட் மின்சாரம் காத்திருக்கும். பொத்தானின் செய்தியைக் கேட்க அது தேவை. ஆகவே இடி நெருங்குமுன் சுவர் விசையை அணைத்து, பிளக்கையும் கழற்றுங்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.