பொன்முடிக்குச் சொட்டு நீலம்!

வெள்ளை வேட்டி மஞ்சளடித்தால் என்ன செய்கிறோம்? கடைசி அலசலில் இரண்டு சொட்டு நீலம் விடுகிறோம். அதனால் அழுக்கு போவதில்லை சார்... மஞ்சளுக்கு எதிரே நீலத்தை நிறுத்திக் கண்ணை ஏமாற்றுகிறோம், அவ்வளவுதான்! பொன்னிறத் தலைமுடிக்கென்று கடையில் ஊதா கலரில் ஒரு ஷாம்பு விற்கிறார்களே, அதன் சூத்திரமும் இதேதான். நம் பாட்டி கொல்லைப்புறத்தில் செய்த வேலையை ட்யூபில் அடைத்து விலை போட்டிருக்கிறார்கள்.

'பொன்முடியா? அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மதியம் உங்கள் ஆபீஸ் கேன்டீனை ஒரு நோட்டம் விடுங்கள். தேன் கலரில் ஒரு தலையாவது கண்ணில் படும்.

என் மச்சினன் தலையும் அந்த ரகம்தான். சம்பளம் வந்த கையோடு ஒரு சலூனில் போய் உட்கார்ந்து ப்ளீச் போட்டுக்கொண்டான். முதல் வாரம் ஹாலிவுட். நாலாம் வாரம் துருப்பிடித்த தகரம்! பதினைந்து நாளில் பெண் பார்க்கப் போக வேண்டும். மாமியார் கண்ணில் தண்ணீர். "அத்தான், ஊதா ஷாம்பு ஆர்டர் போடப் போறேன். எது பெஸ்ட்?" என்று வந்து நின்றான்.

பி.காம். படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் காசு செலவாகப் போகிறது என்றால் எனக்குத் தூக்கம் வராது. உட்கார்ந்து படித்துவிட்டேன்.

முடிக்கு நிறம் கொடுப்பது மெலனின். அதில் இரண்டு வகை. கறுப்பும் பழுப்பும் தருவது யூமெலனின். சிவப்பும் மஞ்சளும் தருவது ஃபியோமெலனின். பிறவியிலேயே பொன்முடி உள்ளவர்களுக்கு யூமெலனின் கணக்கில் இருப்பு ரொம்பக் கம்மி. நமக்கோ அண்டா வழிய வழிய இருக்கிறது! ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த ப்ளீச் இந்த மெலனினைச் சிதைக்கிறது. ஆனால் கறுப்பு ஒரே தாவலில் பொன் ஆகிவிடாது. செம்பழுப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெளிர் மஞ்சள் என்று படி படியாகத்தான் இறங்கும். சலூனில் நடுப்படியிலேயே நிறுத்திவிட்டு, மேலே 'டோனர்' என்று ஒரு பூச்சு பூசி அனுப்புவார்கள். நாலைந்து வாரக் குளியலில் அது போய்விடும். அடியிலிருக்கும் சாயம் பல்லிளிக்கும்.

ஆகவே ஷாம்பு வாங்கும் முன் கண்ணாடியைப் பாருங்கள். முடி மஞ்சளடிக்கிறதா? ஊதா ஷாம்பு. ஆரஞ்சடிக்கிறதா? நீல ஷாம்பு. வண்ணச் சக்கரத்தில் இவை எதிரெதிர் வீட்டுக்காரர்கள். ஒன்று வந்தால் மற்றது அடங்கும். வெள்ளைக்காரர்களின் பொன்முடியை மனதில் வைத்துச் செய்த ஊதா, நம்மூர் ஆரஞ்சுத் தலையில் பெரிதாக ஒன்றும் கிழிக்காது. மச்சினன் ஆர்டரைக் கேன்சல் பண்ணி நீலத்துக்கு மாற்றினேன்.

அதையும் தினம் போடக் கூடாது. வாரம் ஒரு தடவை, இரண்டு மூன்று நிமிஷம் போதும். ஆசைப்பட்டு ஊதாவை அரை மணி நேரம் ஊறவைத்தால், வெளிர்முடி கத்திரிப்பூ கலருக்குப் போய்விடும். மற்ற நாளில் சல்பேட் இல்லாத சாது ஷாம்பு, பின்னாலேயே கண்டிஷனர். காரணம் இருக்கிறது. முடியின் மேல்தோல் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி, ஓடு மேல் ஓடாக அடுக்கியது. ப்ளீச் அந்த ஓடுகளைத் தூக்கிவிடுகிறது. கடுமையான ஷாம்பு அதன் வழியே உள்ளே இருப்பதையும் வழித்துக்கொண்டு வரும்.

நீச்சல் குளம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெளுத்த முடி பச்சையாகும்! பழி குளோரின் மேல் விழுந்தாலும், முடியில் பச்சையாகப் படிவது தண்ணீரில் இருக்கும் செம்பு. இறங்கும் முன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்துக்கொண்டால், முடி குளத்துத் தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது.

எண்ணெய் வைத்தால் ஸ்டைல் போச்சே என்பவர்களுக்கு: தேங்காய் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டு 2003-ல் ஓர் ஆய்வு வெளியானது. முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். ப்ளீச் செய்த முடியிலும்கூட! குளிக்கும் முன் தடவி, அலசிவிட்டு ஆபீஸ் போங்கள். யாருக்குத் தெரியப்போகிறது?

ஒன்று மட்டும் சீரியஸாகச் சொல்கிறேன். ஷாம்பு நிறத்தைத்தான் சரிக்கட்டும். பொசுங்கின முடியை ஒட்டவைக்காது. "இன்னொரு ரவுண்ட் ப்ளீச் அடிச்சா சரியாயிடும் தம்பி" என்று சலூனில் சொல்லியிருக்கிறார்கள். தம்பியும் தயாராகத்தான் இருந்தான். ஏற்கெனவே உச்சந்தலையில் எரிச்சல் என்று சொறிந்துகொண்டிருந்தவன்! ப்ளீச்சுக்குத் தலைத்தோலைப் புண்ணாக்கத் தெரியும். மண்டையைப் புண்ணாக்கிக்கொண்டு போய்ப் பெண் பார்ப்பதா? "சரி, கறுப்புச் சாயமாவது அடிச்சுக்கறேன்" என்றான். அதிலும் பல சாயங்களில் பி.பி.டி. என்ற ரசாயனம் உண்டு. சிலருக்கு முகமே வீங்கிவிடும். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவி, 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் தலைக்குப் போக வேண்டும். எரிகிற தலைக்கு இரண்டும் வேண்டாமென்று தடுத்தேன்.

இரண்டு வாரம், இரண்டு நீலக் குளியல். ஆரஞ்சு அடங்கி, கௌரவமான பழுப்புக்கு வந்தது. உச்சந்தலை எரிச்சலும் நின்றது. பெண் வீட்டில் பஜ்ஜி சொஜ்ஜி முடிந்ததும், பெண்ணின் அப்பா என்னை மட்டும் வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். வரதட்சணைப் பேச்சு கிச்சு எடுத்துவிடுவாரோ என்று எனக்கு உதறல். மனிதர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பையன் உங்களைத்தான் கேட்கச் சொன்னான் சார்... எனக்கு முழுக்க நரைச்சாச்சு. வெள்ளையாவது பளிச்சுன்னு இருக்கான்னா, மஞ்சளடிக்குது. என்ன போடலாம்?"

"ஊதா சார்... உங்களுக்குத்தான் ஊதா!"